எந்தக் கலீமுல்லா

செய்தி வந்தபோது காலை மணி ஒன்பது ஐம்பது. பதினொன்றாம் வகுப்புக்கு ஆன்லைனில் கணக்குப் பாடம் நடத்தும் சுகாசினி மிஸ், போன் திரையைப் பார்த்து வருகை எடுத்துக்கொண்டிருந்தார். 'கலீமுல்லா' என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு, "இன்னிக்கும் ஆப்சென்ட்டா?" என்று கேட்டார். திரையின் ஓரத்தில் 'முத்துக்குமார் சில்க்ஸ்' ஒரு வரி எழுதியது.

"மிஸ், கலீமுல்லா இறந்துட்டாங்களாம். எங்க ஏரியா குரூப்ல போட்டிருக்காங்க."

திரையில் நாற்பத்தொரு கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு பெண். செவிலிமேட்டில் தன் வீட்டு மாடிப்படியில், சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் ஒரே படியில் உட்கார்ந்திருந்த சிம்ரனுக்கு அழுகை வரவில்லை. ஒரு கேள்விதான் வந்தது. எந்தக் கலீமுல்லா?

அந்த வகுப்பில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. 2020 ஆகஸ்டில் பிளஸ் ஒன் சேர்ந்த பெண்கள் அவர்கள். வெவ்வேறு பள்ளிக்கூடங்களிலிருந்து வந்தவர்கள்; ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்ததில்லை. எல்லாருக்கும் அப்பாவின் போன்தான். அப்பாவின் போனில் அப்பாவின் பெயர், அதோடு அப்பாவின் தொழில். வகுப்பு தொடங்கினால் திரையில் முத்துக்குமார் சில்க்ஸ், வேலாயுதம் சாயம், ராமலிங்கம் இட்லி மாவு என்று கடைத்தெருவே வந்து உட்காரும். பெயரை மாற்றச் சொல்லி மிஸ் முதல் வாரம் மன்றாடிப் பார்த்தார். "பேரை மாத்துனா பார்ட்டி எப்படிம்மா கண்டுபுடிப்பான்?" என்றார்கள் அப்பாக்கள். மிஸ் தோற்றுப்போய், வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பென்சிலால் கடைப்பெயரைக் குறித்துக்கொண்டார்.

சிம்ரனின் அப்பா சத்யராஜ் வேன் ஓட்டுகிறவர். அதனால் அவள் 'சத்யராஜ் டிராவல்ஸ்'. மார்ச் மாதத்திலிருந்து வேன் வாசலிலேயே நின்றது. வகுப்பில் அதற்கும் கிண்டல்.

"டிராவல்ஸ், வாசப்படி தாண்ட மாட்டேன்ற, உனக்கு இந்தப் பேரா?"

"உன் இட்லி மாவு வேணா பொங்கி வெளிய வருது, எனக்கு இன்னா?"

கலீமுல்லா என்பது ஒரு கரகரத்த பெண் குரல். பாடத்தின் நடுவே, "மிஸ், அது ஏன் அப்படி?" என்று கேட்கும். சூத்திரத்தைச் சொன்னால் அடங்காது. சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும். அதே சந்தேகங்கள் சிம்ரனுக்கும் வரும். வாயைத் திறக்கத்தான் தைரியம் வராது. தன் கேள்வியை வேறொருத்தி கேட்கிறாளே என்ற ஆச்சரியத்தில் அவள் அந்தக் குரலுக்காகவே வகுப்புக்கு முன்கூட்டி வந்து உட்காருவாள்.

குரலுக்குப் பின்னால் எப்போதும் ஒரு சத்தம். டக். டக் டக். கொஞ்சம் நிற்கும். மறுபடி டக். ஒரு நாள் பொறுக்க முடியாமல் சிம்ரன் எழுதிக் கேட்டாள்: "உங்க வீட்ல இன்னா அடிச்சிக்கினே இருக்காங்க?"

"அட்டை. காட்டவா?"

கேமரா ஒரு நிமிடம் திறந்தது. தரையில் நீளநீளமான காகித அட்டைகள், சுவரில் கட்டம் போட்ட தாளில் வரைந்த ஒரு யாளி. பட்டுச்சேலையின் பூவேலைக்கு ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டை வேண்டும். ஓட்டை விழுந்த இடத்தில் தறியில் இழை மேலே எழும், விழாத இடத்தில் எழாது. அந்த ஓட்டைகளைத் தட்டுகிற ஆள்தான் அப்பா. ஒரு கை மட்டும் தெரிந்தது. கட்டைவிரல் நகம் கருத்த கை. அது சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, யாரென்றே தெரியாத சிம்ரனுக்கு ஒரு சலாம் வைத்தது. அதற்குள் மிஸ் "கலீமுல்லா, கேமரா!" என்று அதட்டியதில் பெண்ணும் அப்பாவும் சேர்ந்து சிரித்தார்கள். கேமரா அணைந்தது.

அவள் பெயரைச் சிம்ரன் கேட்டதில்லை. கலீமுல்லா என்று கூப்பிடுவதும், டிராவல்ஸ் என்று கூப்பிடப்படுவதும் இருவருக்கும் பிடித்துப்போயிருந்தது.

போன வாரம் டக் டக் நின்றது. மறுநாள் அந்தக் கட்டத்திலிருந்து இருமல் கேட்டது, அப்பாவா மகளா என்று தெரியவில்லை. அதன் பிறகு நான்கு நாளாகக் கட்டமே இல்லை.

"இருங்க, நான் விசாரிக்கிறேன்" என்று மிஸ் வகுப்பை முடித்துவிட்டார். விசாரிக்க அவரிடம் இருந்ததும் அந்த ஒரே எண்தான். சிம்ரனும் கூப்பிட்டாள். சுவிட்ச் ஆஃப். முத்துக்குமார் சில்க்ஸிடம் கேட்டதில் தெருவின் பெயர் மட்டும் கிடைத்தது; குரூப்பில் அதற்கு மேல் ஒன்றும் போடவில்லையாம்.

சத்யராஜ் வேனின் சீட்டு உறைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். மகள் வந்து நின்று விஷயத்தைச் சொன்னதும் திரும்பினார்.

"அந்தப் பொண்ணு பேரு இன்னா?"

"கலீமுல்லா."

"அது அவங்கப்பன் பேரும்மா."

"தெரியும்பா. அவ பேருதான் தெரியாது."

"மூஞ்சி தெரியாது, பேரு தெரியாது. போயி யாருன்னு கேப்ப?" என்று சொல்லிக்கொண்டே பைக் சாவியை எடுத்தார்.

வழியெல்லாம் சிம்ரன் ஒன்றையே வேண்டிக்கொண்டு போனாள். இறந்தது அவள் அப்பாவாக இருக்கட்டும். தனக்குச் சலாம் வைத்த அந்தக் கை ஞாபகத்துக்கு வந்தது. ஞாபகம் வந்த பிறகும் அதையேதான் வேண்டினாள்.

கொரோனா என்று தெருமுனையில் தகரம் அடித்து அடைத்திருந்தார்கள். பிளீச்சிங் பவுடர் நெடி. தகரத்துக்கு உள்ளே முகக்கவசம் போட்ட ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் எப்படிக் கேட்பது என்று சிம்ரனுக்கு விளங்கவில்லை. செத்தது அப்பாவா பெண்ணா என்று எந்த வாயால் கேட்பது?

"பாய், கலீமுல்லா வீடு..."

"என் அண்ணந்தாம்மா. நான் இம்தியாஸ்" என்றார் அவர். "நேத்து சாயங்காலம் ஆஸ்பத்திரியில போயிட்டாரு. வீட்டுக்குக் கொண்டாற விடல. காலைல நாலு பேரு போயி அடக்கம் பண்ணிட்டு வந்தோம்."

'போயிட்டாரு' என்ற சொல்லைக் கேட்டதும் சிம்ரனின் மூச்சு தானாக இறங்கியது. சந்தோஷம் என்று அதைச் சொல்ல முடியாது. அதற்குப் பக்கத்து வீடு என்று சொல்லலாம்.

"நீ யாரும்மா?"

"உங்க அண்ணன் பொண்ணுகூடப் படிக்கிறேன்."

"ஆஷிஃபாகூடவா?" என்றவர் திரும்பி மூன்றாவது வீட்டு மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

ஜன்னலுக்கு வந்தவள் குள்ளமாக இருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். சிம்ரன் இரண்டு மாதமாக நெட்டையான ஒருத்தியை நினைத்து வைத்திருந்தாள்.

"ஆஷிஃபா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். நாக்கில் புதிதாக இருந்தது.

"டிராவல்ஸா?" என்றது அந்தக் கரகரத்த குரல். "வண்டி எடுத்துக்கினு வந்தியா?"

"பைக்குதான்."

"போன் அப்பாகிட்ட இருந்துச்சு. சார்ஜரை இங்கயே விட்டுட்டுப் போயிட்டாரு."

"கிளாஸ்ல நாங்க..." என்று சிம்ரன் ஆரம்பித்தாள்.

"நான்னு நெனச்சீங்களா?" ஆஷிஃபா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கணக்கில் சந்தேகம் கேட்பது போலவே கேட்டாள்: "மிஸ் இன்னா சொன்னாங்க?"

"கிளாஸை முடிச்சிட்டாங்க."

"யாராச்சும் அழுதாங்களா?"

"எல்லாரும் மியூட்ல இருந்தாங்க."

ஆஷிஃபாவுக்குச் சிரிப்பு வந்து பாதியில் வேறாக மாறியது. துப்பட்டாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சத்யராஜ் பைக்கைத் துடைப்பது போல் அந்தப் பக்கம் திரும்பினார். வழியில் வேண்டிக்கொண்டதைச் சொல்லிவிட வேண்டும் என்று சிம்ரனுக்கு இருந்தது. தகரத்துக்கு இந்தப் பக்கம் நின்று கத்திச் சொல்லக்கூடிய விஷயமா அது?

முகத்தை நிமிர்த்தியபோது ஆஷிஃபா கேட்டாள்: "நாலு நாளும் இன்னா நடத்துனாங்க?"

"எழுதிக் குடுக்கறேன்" என்றாள் சிம்ரன். தேவைக்கு மேல் இரண்டு தடவை சொன்னாள்.

அந்த வாரம் முழுக்க, போனில் பிடித்து வைத்திருந்த பாடங்களைப் பார்த்துப் பார்த்துக் கோடு போட்ட தாளில் எழுதினாள். தன் நோட்டில்கூட அப்படி அழகாக எழுதியதில்லை. கணக்கு, இயற்பியல், வேதியியல் முடிந்தன. விலங்கியலில் மண்புழுவின் படத்தைப் பென்சிலால் வரைந்து முடித்த அன்று, ஏழு மாதத்துக்குப் பிறகு சத்யராஜுக்கு முதல் சவாரி வந்தது. திருப்பதிக்கு இரண்டு நாள். போனும் அதிலிருந்த பாடங்களும் அவரோடு போயின. மறுநாள் காலையில் தகரத்தைப் பிரித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், சிம்ரன் தாள்களை எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினாள்.

பதினேழு தாள்கள். பதினேழாவதில் மண்புழு முழுசாக இருக்கிறது. பாகங்களின் பெயர்கள்தான் எழுதவில்லை.