மூடின ஓட்டைக்குக் கையெழுத்து கிடையாது

ஓட்டை இல்லாத சாமானைக் கழித்துக்கட்டச் சம்பளம் கொடுக்கிற தொழில் எங்களுடையது. இடுப்பெலும்பு தேய்ந்தவர்களுக்கு வைக்கும் டைட்டானியக் கிண்ணம், பெங்களூர்ப் பக்கம் ஹெப்பகோடியில் செய்கிறோம். கிண்ணத்தின் வெளிப்பக்கம் பஞ்சு மாதிரி பொடிப்பொடி ஓட்டையாக இருக்கும். எலும்பு அதற்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். லென்ஸில் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டு ஷிப்ட் பஸ்ஸுக்கு ஓடும் சகோதரிகளே, மிச்சம் உங்களுக்கே தெரியும்.

பக்கத்து வீட்டில்

வேலை நிரந்தரம் ஆனால்தான் கம்பெனியின் குழந்தைக் காப்பகத்தில் பிள்ளையைச் சேர்க்கலாம். அதுவரை ஒன்றரை வயது மகளைப் பக்கத்து வீட்டு ரஷீதாக்காதான் பார்த்துக்கொண்டார். என்ன வேலை என்று கேட்டார். ஓட்டைகளைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். என்னைப் பாவமாகப் பார்த்தார்.

“எங்க வூட்டுக் குண்டான்லகூட ஓட்டை இருக்கு செல்வி, எடுத்துனு போறியா?”

புது சூப்பர்வைசர்

ஸ்டீல் பாத்திரக் கம்பெனியிலிருந்து வந்தவர். சொரசொரப்பைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும். ஒருநாள் ஒரு ட்ரே முழுக்க வெளிப்பக்கத்துக்கும் மெருகு போட வைத்துவிட்டார். லென்ஸில் பார்த்தால் ஓட்டையெல்லாம் இழுபட்டு மூடிக்கிடந்தது. கழித்தாயிற்று என்று சிவப்பு அட்டை வைத்தேன். “எலும்பு எங்க சார் பிடிக்கும்?” என்றேன். அவர் ஒரு கிண்ணத்தை எடுத்து, அதில் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டார்.

“முகமே தெரியுதும்மா, இதுக்கு மேல என்ன வேணும்?”

மேனேஜர் அறையில்

அந்த ட்ரேயை ஏற்றிக்கொண்டு சாயங்காலம் வண்டி கிளம்ப வேண்டும். கையெழுத்துப் போடாவிட்டால் நிரந்தர ஆர்டர் கிடையாது என்றார் மேனேஜர். மகளை நினைத்துக்கொண்டேன். கிண்ணம் ஆடினால் மறுபடி ஆபரேஷனுக்குப் படுக்கப்போகிற ஆளையும் நினைத்துக்கொண்டேன். “மாட்டேன் சார்.” ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஏழாங்கிளாஸ் படித்த எனக்கு என்ன தெரியும் என்று, என்னோடு வேலை செய்யும் சாந்தம்மாவிடம் பேனாவை நீட்டினார். அவள் நிதானமாக லென்ஸில் பார்த்தாள். பேனாவை அவர் பக்கமே தள்ளிவிட்டாள்.

“ஏழாங்கிளாஸ் கண்ணுக்கும் என் பி.யு.சி. கண்ணுக்கும் மூடின ஓட்டை ஒண்ணுதான் சார். பேக்காதரே, வேணும்னா நீங்களே போடுங்க.”

ஆர்டர்

மேனேஜர் போடவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். ட்ரே அங்கேயே நின்றது. மற்றவர்களுக்கு வந்து நாலு மாதம் கழித்து எனக்கும் ஆர்டர் வந்தது, பிடிவாதம் ஜாஸ்தி என்ற குறிப்போடு. கொண்டுவந்து கொடுத்தவர் அதே சூப்பர்வைசர்.

“அப்போ ரிடையர் ஆகறவரைக்கும் உன் முகத்துலதான் முழிக்கணுமா நான்?”

எங்கள் தொழிலில் வழவழா கொழகொழா ஆகாது, கிண்ணத்துக்கும் சரி, அதைப் பார்க்கிறவளுக்கும் சரி.