நானுஓயா இறக்கத்தில் ஓட்டோ கியர்

மலைநாட்டில் தானாகவே கியர் மாறும் ஓட்டோ கியர் கார் வைத்திருக்கும் உங்களுக்கும் அதைப் பழுதுபார்க்கும் எனக்கும் கஷ்டம் ஒன்றுதான்: ஏற்றத்தில் தெரிகிற கோளாறு ஏற்றத்தில் பிறந்ததாக இருக்காது.

தானாக வந்தது

ராகலைப் பக்கத் தோட்டத்தில் வாடகைக்குக் கார் ஓட்டி ஹயர் ஓடும் செல்வராஜ், நுவரெலியாவிலுள்ள என் கராஜுக்குக் காரைக் கொண்டுவந்தார். பின் சீட்டில் நிறைமாத மனைவி சுமதி. ஏற்றத்தில் மூன்றாவது கியர் விழாமல் எஞ்சின் வெறுமனே இரைந்தது. பிறகு ஓர் உதறலோடு விழுந்தது. வேறொரு கராஜில் கியர் பெட்டியையே மாற்றச் சொன்னார்களாம்.

"வலி வந்தா எங்க தோட்டத்துல வேற வண்டி இல்லீங்க ஐயா" என்றார் சுமதி.

எப்படி ஓட்டுவீர்கள் என்று செல்வராஜிடம் கேட்டேன். "நான் ஒண்ணுமே செய்யலங்க. அது தானா வந்துச்சு."

காந்தத்தில் ஒட்டியது

ஆட்களைத் துருவிக் கேட்க எனக்குக் கூச்சம். கியர் பெட்டியின் எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தது. பெட்டியின் அடித்தட்டைக் கழற்றினேன். அதிலிருந்த காந்தத்தில் இரும்புச் சீவல் இல்லை, பசைபோலக் கருந்தூள் மட்டும். உள்ளே பல்சக்கரம் எதுவும் உடையவில்லை என்று அர்த்தம்; பெட்டியை மாற்ற வேண்டியதில்லை. மூன்றாவது கியருக்கு எண்ணெய் விடும் வால்வு அந்தத் தூளில் இறுகியிருந்தது. கழுவிப் பூட்டி, வடிகட்டி மாற்றி, புது எண்ணெய் ஊற்றினேன்.

"இவ்வளவுதானா? எனக்கு ரெண்டு நாளா சோறே எறங்கலீங்க" என்றார் செல்வராஜ்.

எண்ணெய் ஏன் தீய்ந்தது என்பது மட்டும் எனக்கு அப்போது தெரியவில்லை.

பின் சீட்டு

நானுஓயா வரை இறங்கி ஏறிப் பார்க்கப் புறப்பட்டோம். சுமதியும் வந்தே தீருவேன் என்று ஏறிக்கொண்டார். இறக்கம் தொடங்கியதும் செல்வராஜின் இடது கை கியரை நியூட்ரலுக்குத் தள்ளியது. வளைவு தாண்டியதும், ஓடுகிற வேகத்திலேயே மறுபடி டிரைவுக்கு. எப்படிச் சொல்வதென்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தீங்களா ஐயா? எறக்கம் வந்தாலே இப்படித்தான். பெட்ரோல் மிச்சம் பண்றாராம்" என்றார் பின் சீட்டிலிருந்து சுமதி.

"நீ சும்மா இரு."

"வலி வந்தா அந்த மிச்ச பெட்ரோல்ல ஏறியா நான் ஆஸ்பத்திரிக்குப் போறது?"

அதற்குப் பிறகு எனக்குச் சுலபமாகிவிட்டது. "நியூட்ரல்ல ஓடவிட்டு டிரைவ்ல போட்டா, ஒவ்வொரு தடவையும் உள்ள இருக்குற கிளச் தட்டு தேஞ்சு தூளாகும், எண்ணெய் எரியும் தம்பி" என்றேன். திரும்பி ஏறும்போது மூன்றாவது கியர் விழுந்ததே தெரியவில்லை.

அடுத்த கிழமை செல்வராஜ் ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்தார். "பொம்பளப் புள்ள ஐயா. எறக்கத்துலயும் டிரைவ்லதான் வந்தேன். அந்த வலியிலயும் அவ என் கையத்தான் பாத்துக்கிட்டே வந்தா."

கியர் பெட்டியைச் சரிசெய்ய எனக்கு ஒரு பகல் போதுமாக இருந்தது. செல்வராஜின் இடது கையைச் சரிசெய்தது பின் சீட்டுதான்.