சூடை கழுவிய வைன்

பலெர்மோவில் சூடை, சூரை போன்ற எண்ணெய் மீனைச் சரியாகச் சமைக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருக்கலாம். மற்ற இருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஓர் உணவகத்தில் ஒன்பது வருடம் தட்டும் கிளாசும் கழுவிக்கொண்டே, சமையற்காரரின் கையைப் பார்த்துத் தொழிலைப் பிடித்தேன். தெரிந்திருந்தால் கையை மறைத்திருப்பார்.

அவர் மொண்டெல்லோவில் பெரிய இடத்துக்கு மாறிப் போனார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, ஞாயிறு மதியம் தன் மாமனார் சாப்பிட வருகிறார், நீ சமை என்றார். சரிவந்தால் அடுப்பு எனக்கு. இல்லாவிட்டால் பழையபடி தட்டு.

மாமனாருக்குப் பிடித்தது சூடை. முள்ளெடுத்து விரித்து, வறுத்த பாண்தூளும் உலர்ந்த திராட்சையும் வைத்துச் சுருட்டி, வாலை நிமிர்த்தி, தோடம்பழச் சாறு விட்டு அவணில் வேகவைப்பது. இந்த ஊரார் மீனைப் பச்சைத் தண்ணீரில் அலசுவதோடு சரி. மன்னாரில் பிறந்தவனுக்கு அது ஒத்துவராது. வினாகிரி என்ற புளிக்காடி விட்டுக் கழுவினால்தான் மீனின் வெடுக்கு நாற்றம் போகும்.

மீன்பெட்டியின் ஐசுக்குள் லேபல் இல்லாத போத்தல் ஒன்று செருகியிருந்தது. மீன்பெட்டியில் இருப்பது மீனுக்குத்தானே. திறந்து மணந்து பார்த்தேன். ஒன்பது வருடம் வைன் கிளாஸ் கழுவிய மூக்கு, இது வினாகிரி என்றது. முழுவதையும் ஊற்றிக் கழுவினேன்.

அதே சமையலறையில் வேலை செய்யும் என் மனைவி, சலாட் வெட்டிக்கொண்டிருந்தவள், திரும்பினாள்.

“இஞ்சாருங்கோ, ஐசுக்கை இருந்த போத்தில் எங்கை?”

“மீன் கழுவினன்.”

“கழுவினீங்களோ! அது முதலாளியின்ரை மாமனார் தன்ரை தோட்டத்திலை செய்த வைன். இந்த மீனோடை குடிக்கவெண்டு முதலாளி குளிர வைச்சவர்.”

“அது வினாகிரி.”

“ஓம், நாளைக்குத் தட்டுக் கழுவுற சிங்கடியிலை நிண்டு சொல்லுங்கோ. தட்டுகள் நம்பும்.”

வேறு மீன் இல்லை. அதையே சுருட்டி வேகவைத்தேன்.

மாமனார் பகேரியாக்காரர், எண்பது தாண்டியவர். ஐந்து சுருள் தின்றபின், என் வைன் எங்கே என்றார். முதலாளி உள்ளே வந்து ஐசைக் கிளறினார். நானே மேசைக்குப் போய் என் இத்தாலியனில் சொன்னேன்: “சிஞ்ஞோர், வைன் மீனிலை இருக்கு. வினாகிரியெண்டு நினைச்சுக் கழுவிப்போட்டன்.”

முதலாளி நெற்றியில் கைவைத்தார். கிழவர் என்னைப் பார்க்கவில்லை, மருமகனைப் பார்த்தார்.

“இருபது வருசமா நல்லாயிருக்கு, நல்லாயிருக்கெண்டு குடிக்கிறாய். இவன் ஒருத்தன்தான் உண்மை சொன்னவன்.”

சொல்லிவிட்டு ஆறாவது சுருளை எடுத்தார்.

மறுநாள் காலை நான் சிங்கடியில்தான் போய் நின்றேன். முதலாளி வந்து தண்ணீர்க் குழாயை மூடினார். அடுப்புப் பக்கம் கையைக் காட்டினார்.

இப்போது எந்த மீனுக்கு எந்த வைன் என்று யாராவது கேட்டால் முதலாளி என்னைத்தான் மேசைக்குக் கூப்பிடுகிறார். மணந்து பார்த்துச் சொல்வேன். சூடைக்குக் கடற்கரைப் பக்கத்து மெல்லிய வெள்ளை, சூரைக்கு எட்னா மலைச் சிவப்பு. குடித்துப் பார்த்தீர்களா என்று சிலர் கேட்பதுண்டு. குடிப்பதில்லை என்று மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தவன் நான், ஒரு சொட்டும் நாக்கில் பட்டதில்லை. தேவையும் வரவில்லை.