ஜட்ஜுக்கு எத்தனை வருஷம்

எங்கள் குத்தகை நிலத்தைக் காப்பாற்றி வைத்திருந்தது ஒரு தடை உத்தரவு. ஐகோர்ட்டில் ஒரு ஜட்ஜ் போட்டது. கேஸ் முடியும்வரை நிலத்துக்குச் சொந்தக்காரரான பண்ணை எங்கள் வயலில் இறங்கக் கூடாது, விளைச்சலில் கை வைக்கக் கூடாது. வாய்தாவுக்கு வாய்தா அவர் அதை நீட்டிக் கொடுத்தார். வாதமெல்லாம் முடிந்துவிட்டது, தீர்ப்புதான் பாக்கி என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் தேர்தல் முடிந்து நாங்கள் ஓட்டுப் போட்ட கட்சி ஆட்சிக்கு வந்திருந்தது. என் வீட்டுக்காரர் தைரியமாகப் பேசினார்.

"எம்.எல்.ஏ.வுக்கு அஞ்சு வருஷம், மந்திரிக்கு அஞ்சு வருஷம். ஜட்ஜுக்கு மட்டும் கொறைச்சலா குடுப்பாங்க? இவரு வந்து ரெண்டு வருஷம்தானே ஆவுது."

தெருவே அப்படித்தான் நம்பியது. நாற்காலி என்றால் அஞ்சு வருஷம். எங்களுக்குத் தெரிந்த அரசாங்கம் அவ்வளவுதான். வக்கீலிடம் கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

ஜட்ஜுக்கு வயதுதான் கணக்கு. அறுபத்திரண்டு ஆனால் வீட்டுக்குப் போக வேண்டும், தீர்ப்பு எழுதியிருந்தாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி. பண்ணைக்கு இது தெரியும். சம்பா கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் அந்த ஜட்ஜ் போய்விட்டார். கேஸை வேறொருவர் முதலிலிருந்து கேட்க வேண்டும். தடையை யாரும் நீட்டவில்லை. அது செத்துப்போனது. சென்னையில் இருந்த வக்கீல் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை.

தை மாதம் ஒரு காலையில் வயலுக்குப் போனோம். வெளியூர் ஆட்கள் எங்கள் நெல்லை அறுத்துக்கொண்டிருந்தார்கள். பண்ணையின் காரியக்காரர் வரப்பில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். எவன் அறுக்கிறானோ அவன்தான் சாகுபடி செய்தவன் என்று தாலுகா ஆபீசில் எழுதிவிடுவார்கள். அந்த ஒரு அறுப்பு போனால் நிலமே போச்சு.

"ஜட்ஜ் அய்யா தடை போட்டிருக்காருங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"எந்த ஜட்ஜுடா? அந்தாளு வீட்டுல பேரப்புள்ளைக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருக்காரு. அங்க போயி தடை வாங்கிட்டு வா."

"அஞ்சு வருஷம் இருக்குதுங்களே."

"ஏன், நீ ஓட்டுப் போட்டா அவரு வந்தாரு?"

அறுப்பு ஆட்கள் சிரித்தார்கள். இவர் வயலில் இறங்கி ஒருவன் பிடித்திருந்த தாளை இடது கையால் பற்றினார். அவன் அரிவாளை நிறுத்தாமல் இழுத்தான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தாளோடு சேர்ந்து அறுந்தன. நான் காரியக்காரரின் குடையைப் பிடுங்கி அவர் முகத்திலேயே குத்தினேன். பின்னாலிருந்து தடியால் அடித்தார்கள். முன்பற்கள் உடைந்தன. சேற்றில் கிடந்த என்னை மிதித்துக்கொண்டுதான் கட்டுகளைத் தூக்கிப் போனார்கள். போலீஸ் வந்தது. நெல் திருட வந்ததாக எங்கள் மேல்தான் கேஸ் போட்டது.

அடுத்த தேர்தலில் ஓட்டுச்சாவடியில் மை வைக்கிறவர் இவர் இடது கையைப் பார்த்தார்.

"விரல் எங்கய்யா?"

"பண்ணை வயல்ல கெடக்கு. சார், ஜட்ஜுக்கு எந்தப் பொட்டியில போடணும்?"

"அதெல்லாம் கெடையாது. நகரு, பின்னாடி ஆளு நிக்குது."

மோதிர விரலில் மை வைத்து அனுப்பினார்கள். ஜட்ஜுக்கும் தேர்தல் வைத்தால் பண்ணை அந்த ஓட்டையும் வாங்கிவிடும் என்பார்கள். வாங்கட்டும். வாங்கியது என்றாவது எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

வாசலில் காரியக்காரர் நாங்கள் ஓட்டுப் போட்ட அதே கட்சியின் துண்டைப் போட்டுக்கொண்டு எல்லாரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தார். இவர் நேராகப் போய் அந்தத் துண்டாலேயே அவர் கழுத்தை இறுக்கினார்.

"இப்ப சொல்லுடா, ஒனக்கு எத்தனை வருஷம்?"

இழுத்துப் பிரிப்பதற்குள் காரியக்காரருக்குக் கண் செருகிவிட்டது. சாகவில்லை.

அந்தக் கேஸ் வேகமாக நடந்தது. நடுவில் எந்த ஜட்ஜும் மாறவில்லை. இவர் ஜெயிலுக்குப் போனார். நிலக் கேஸில் இன்னும் தீர்ப்பு வரவில்லை.