எண்ணெய்ச் சட்டி வைக்காத வீடு

சபாபதி செத்துப்போன செய்தி வந்தபோது லோகேஸ்வரி மைலோ கலக்கிக்கொண்டிருந்தாள். பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் தண்ணி கலக்குவதுதான் அவள் வேலை. இந்த ஊரில் தேநீர், கோப்பி, மைலோ எல்லாமே தண்ணிதான். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த ஓர் இன்ஜினியர் பையன், "தம்பி, தண்ணி கலக்கட்டா?" என்று அவள் முதல் நாள் கேட்டதும் அரண்டுபோய், "இல்ல ஆன்ட்டி, எனக்குப் பழக்கமில்ல" என்றான். அந்தக் கதையைச் சொல்லி அலுவலகமே இன்னும் சிரிக்கிறது.

கைப்பேசியில் கூப்பிட்டவள் நாத்தனார் வீரம்மா, சபாபதியின் அக்கா. தம்பி பிறந்த வேகத்தில் தாய் போய்விட்டதால் அவனை இடுப்பிலேயே வைத்து வளர்த்தவள்.

"லோகா, தம்பி போயிட்டான்டி."

"எங்க அண்ணி?" என்று கேட்டாள் லோகேஸ்வரி.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. சபாபதி போவதில் பழகிய ஆள். லோரி ஓட்டி ஜொகூர் போவான், ஈப்போ போவான். பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் சாலாக் செலாத்தானுக்குப் போனான். அங்கே வாணி என்றொருத்தி இருந்தாள். அதோடு கிள்ளான் வீட்டுக்குத் திரும்பவில்லை. சண்டை இல்லை, சச்சரவு இல்லை, கோர்ட் வாசல் மிதிக்கவில்லை. போட்டுக்கொள்ள இரண்டு சிலுவாரையும் ஒரு துண்டையும் பையில் போட்டுக்கொண்டு போனதோடு சரி. சட்டப்படி லோகேஸ்வரி இன்னும் அவன் மனைவிதான். சட்டத்துக்கு என்ன, அதுவா சமைத்துப் போடுகிறது?

விஷயம் தெரிந்ததும் அலுவலகத்தில் லீவுக் கணக்குப் பார்க்கிற விஷ்ணுப்ரியா வந்து நின்றாள். பாவம், நல்ல பிள்ளை. "ஆன்ட்டி, கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க. ஹஸ்பண்டா, எக்ஸ் ஹஸ்பண்டா? ஹஸ்பண்ட்னா லீவு இருக்கு லா."

"நீயே பாத்துப் போட்டுக்கம்மா," என்று சொல்லிவிட்டு லோகேஸ்வரி மிச்ச மைலோவையும் கலக்கி, மேசை மேசையாக வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

சாவு வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் பின்வரிசையில் உட்கார்ந்தாள். தலைமாட்டில் வாணி இருந்தாள். யாரோ ஒரு பெண் காகிதக் குவளையில் கோப்பியும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்து, "நீங்க எந்தப் பக்கம் ஆன்ட்டி?" என்று விசாரித்தாள். "கிள்ளான் பக்கம்," என்றாள் லோகேஸ்வரி. அழுகை வரும் என்று லோகேஸ்வரி காத்திருந்தாள். வரவில்லை. வராததற்கு வருத்தமும் வரவில்லை. பிஸ்கட் நமுத்திருந்தது, அது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

பிரச்சினை தீபாவளியோடுதான் வந்தது. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் தீபாவளி இல்லை, எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. பலகாரத்தை மற்ற வீட்டார் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஊருக்கே தெரிந்த வழக்கம். ஆனால் சபாபதி செத்தது எந்த வீட்டில்? சாலாக் செலாத்தானிலா, கிள்ளானிலா? இதற்கு யாரும் சட்டம் எழுதி வைக்கவில்லை.

வீரம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. "தாலி கட்டினது உனக்கு. நீதான் பொண்டாட்டி. சட்டி வைக்காத. வச்சா ஊரு சிரிக்கும்."

மகள் மாதவி பூச்சோங்கில் புருஷன் வீட்டில் இருக்கிறாள். அவளுக்கும் சந்தேகமே இல்லை. "அம்மா, எப்பவும் போல அச்சு முறுக்கு சுடுங்க. அவரு நமக்கு யாரு? சட்டி வைக்கலன்னா இத்தன வருஷம் அவருக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தீங்கன்னு ஆயிடும்."

இரண்டு பேரும் சொன்னது அவளுக்குச் சரியாகவே பட்டது. சட்டியை வைத்தால் அவன் அவளுக்கு யாருமில்லை. வைக்காவிட்டால் அவள் அவன் விதவை. ஓர் இரும்புச் சட்டிக்கு இவ்வளவு பேச்சு வரும் என்று அவள் நினைத்ததில்லை. இதில் எது தனக்கு வேண்டும் என்று மனத்தைத் தட்டிப் பார்த்தாள். அங்கிருந்து சத்தமே இல்லை.

பக்கத்து வீட்டு மலாய்க்காரி கக் நோராவும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுவிட்டாள், இந்த வருஷம் அச்சு முறுக்கு இல்லையா என்று. வருஷா வருஷம் உடைந்த முறுக்கெல்லாம் அவளுக்குத்தான். முழுசைக் கொடுத்தாலும் உடைந்ததுதான் ருசி என்பாள். நல்ல மனுஷி, ஆனால் வாய் சும்மா இருக்காது. சபாபதி போன புதிதில், "சுவாமி மானா?" என்று கேட்டாள். கணவன் எங்கே என்று அர்த்தம். மலாயில் கணவனுக்குச் சுவாமி என்று பேர். சபாபதியைப் போய்ச் சுவாமி என்கிறார்களே என்று லோகேஸ்வரிக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே சிரிப்பு முட்டும். "அவுட்ஸ்டேஷன்," என்று அன்றைக்குச் சொன்னாள். அதன் பிறகு யார் கேட்டாலும் அதேதான். பதினாறு வருஷமாக ஒரு மனுஷன் அவுட்ஸ்டேஷனில் இருக்கிறான், கக் நோராவும் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறாள். இப்போதும், "பார்க்கலாம்," என்று சொல்லி நழுவினாள்.

தீபாவளிக்கு முதல் நாள் லீவு. காலையிலேயே ஒரு முடிவுக்கு வந்தாள். பலகாரம் செய்து வாணி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது. துக்க வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோகிறவள் அந்தத் துக்கத்துக்கு வெளியே நிற்கிறவள். உன் புருஷன், உன் துக்கம், இந்தா பிடி என்று கொடுத்துவிட்டு வந்து, சாயங்காலம் நிம்மதியாகச் சட்டியை வைக்கலாம். அதற்காக அரிசி மாவில் தேங்காய்ப்பாலும் முட்டையும் சீனியும் சேர்த்து அச்சு முறுக்குக்குக் கரைத்து மூடி வைத்தாள்.

கொண்டுபோவதற்கு நெய் உருண்டை. அதற்கு எண்ணெய்ச் சட்டி வேண்டாம். வறுத்து அரைத்த பயற்றமாவில் சீனியைக் கலந்து, முந்திரியைப் போட்டு, காய்ந்த நெய்யைச் சுடச்சுட ஊற்றி, சூடு ஆறுவதற்குள் பிடித்துவிட வேண்டும். ஆறினால் உதிரும். மற்ற வருஷங்களில் இரண்டு உருண்டைக்கு ஒரு தடவை, "ஸ்ஸ்... ஆத்தாடி" என்று கையை உதறுவாள். இன்று ஒரு வார்த்தை இல்லாமல் பிடித்து முடித்தாள். கை கழுவும்போதுதான் உள்ளங்கை சிவந்திருப்பதைப் பார்த்தாள். வலிக்கவில்லை.

தனக்கென்று ஒரு தண்ணி கலக்கிக்கொண்டாள். வெறும் தேயிலை, தட்டிப் போட்ட இஞ்சி, ஒன்றிரண்டாக இடித்த மிளகு, சீனி, ஒரு சிட்டிகை உப்பு. உப்பு ஒன்றும் வைத்தியமில்லை. கல்யாணமான வாரத்தில், மழையில் நனைந்து வந்த சபாபதிக்கு அவசரத்தில் சீனி என்று நினைத்து உப்பை அள்ளிப் போட்டு, நடுவில் தெரிந்து நிறுத்தி, மேலே சீனியைக் கொட்டி மறைத்த லட்சணம் அது. அவன் குடித்துவிட்டு, "இன்னொன்னு" என்றான். அதிலிருந்து உப்பு நிலைத்துவிட்டது. மழை நாளில் லோரியை நிறுத்திவிட்டு வாசலிலிருந்தே, "அம்மா, தண்ணி கலக்கு" என்று கத்துவான். மாதவி பிறந்த பிறகு லோகேஸ்வரியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டான். பிள்ளை கூப்பிடுவது போலவே அம்மாதான்.

இதெல்லாம் ஞாபகம் வந்தது. யாருடைய கதையோ போல வந்து போனது.

கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் மாறினாள். பிரிக்பீல்ட்ஸில் கடைசி நேரச் சாமான் வாங்கிய கூட்டம் முழுக்க அங்கேதான் நின்றது. மருதாணிக் கைகள், பூ, புதுத்துணிப் பைகள். ஓர் அம்மாள் அவள் கையிலிருந்த டின்னைப் பார்த்து, "பலகாரமா, சொந்தமா செஞ்சதா?" என்று ஆசையாகக் கேட்டாள். "ஆமா," என்றாள். "யாருக்கு?" என்று அந்த அம்மாள் கேட்பதற்குள் ரயில் வந்தது. நல்லவேளை என்று ஏறிக்கொண்டாள்.

வாணி கதவைத் திறந்தாள். கஃப்தான் போட்டிருந்தாள், தலையில் பாதி நரை. இவளுக்காகத்தான் போனான் என்று சொல்ல வைக்கிற அழகெல்லாம் எப்போதோ போயிருந்தது. அடையாளம் தெரிந்து ஒதுங்கி வழிவிட்டு, "வாங்கக்கா" என்றாள்.

டின்னைத் திறந்து பார்த்தவள் முகம் மாறியது. "நெய் உருண்டை மட்டுமா? அப்ப நீங்களும் சட்டி வைக்கலியாக்கா?"

இந்தக் கேள்விக்கு ரயில் முழுக்கப் பதில் தயார் பண்ணியிருந்தாள் லோகேஸ்வரி. "சாயங்காலம் வைக்கப் போறேன். மாவு கரைச்சாச்சு."

"ஆமா, நீங்க வைக்கலாம்," என்றாள் வாணி. சாதாரணமாகத்தான் சொன்னாள். கொடுக்க வந்ததைக் கொடுத்தாயிற்று, வாங்கிக்கொள்ள வேண்டியவளும் வாங்கிக்கொண்டாள். எழுந்து போயிருக்கலாம்.

"இருங்கக்கா, தண்ணி கலக்குறேன்." வாணி அடுப்படிக்குள் போனாள். இஞ்சி தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு உரலில் எதையோ இடிக்கிற சத்தம்.

கண்ணாடிக் குவளையில் பாலில்லாமல் கறுப்பாக வந்தது. லோகேஸ்வரி ஒரு வாய் குடித்தாள். இஞ்சி, மிளகு, சீனி. அதற்கெல்லாம் கீழே, மெல்லிசாக, உப்பு.

குவளையைக் கீழே வைக்கவில்லை. "உப்பு போட்டீங்களா?" என்று கேட்டாள்.

"ஒரு சிட்டிகை. பிடிக்கலியாக்கா? அவருக்கு அது இல்லன்னா ஆகாது. வந்த புதுசுல எனக்கு ஒன்னும் தெரியாது, சும்மா பாக்கெட்டு சாஷே தேத்தண்ணி கலக்கிக் குடுப்பேன். 'அம்மா கலக்குற மாதிரி கலக்கு'ன்னு அவருதான் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தாரு. கடைசியில ஆஸ்பத்திரியில கூட ரெண்டு தடவ, 'அம்மா, தண்ணி கலக்கு'ன்னு கேட்டாரு. நெனப்பு தப்பிடுச்சு, பாவம், அவங்கம்மாவத் தேடறாருன்னு நர்ஸ் கூடச் சொல்லிச்சு."

"எந்த அம்மா?" என்றாள் லோகேஸ்வரி. கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை, வந்துவிட்டது.

"அவங்கம்மாதான். என் மாமியாரு. நான்தான் பாக்கக் குடுத்து வைக்கல. நல்ல கைப்பக்குவம் உள்ளவங்களா இருந்திருக்கணும்."

பிரசவத்திலேயே கண் மூடிய அந்த அம்மாள் மகனுக்கு ஒரு வாய்ப் பாலே கொடுக்கவில்லை, தேத்தண்ணிக்கு எங்கே போவாள்? அதைச் சொல்லியிருக்கலாம். அந்த உப்பு யாருடையது என்றும் சொல்லியிருக்கலாம். சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது, வாயும் இருந்தது. எதிரே வாணி, பார்த்தே இராத மாமியாரைப் பற்றிப் பேசியபடி, முந்தானை இல்லாத கஃப்தானில் எதையோ தேடி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். லோகேஸ்வரி அந்த மாமியாரை அவளிடமே விட்டுவிட்டாள்.

"நல்லா இருக்கு," என்றாள். "இன்னொன்னு குடுங்க."

இரண்டாவது குவளையையும் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். திரும்பி வரும் ரயிலில், பாதி வழியில், உள்ளங்கை எரியத் தொடங்கியது. காலையில் பட்ட சூடு இப்போதுதான் அவளிடம் வந்து சேர்ந்தது. கையை மடியில் விரித்து வைத்து ஊதி ஊதிப் பார்த்தாள். எதிரே இருந்தவர்கள் பார்த்தார்கள். எரிச்சல் அடங்கவில்லை.

வீட்டில் மாவு அப்படியே இருந்தது. எண்ணெய்ச் சட்டியும் அச்சும் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தன. அவள் அவற்றைத் தொடவில்லை. மாவுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் போய்க் கக் நோராவைக் கூப்பிட்டாள். நீயே பொரித்துக்கொள், இந்த வருஷம் என்னால் ஆகாது என்று மலாயில் சொன்னாள்.

"ஏன்? உடம்பு சரியில்லையா?" என்று பதறினாள் கக் நோரா.

தமிழில் யாரிடமும் சொல்லாத வாக்கியம் ஒன்று லோகேஸ்வரியிடம் மிச்சமிருந்தது. வீரம்மா அவளுக்குச் சொல்லியிருக்கிறாள், ஊர் சொல்லியிருக்கிறது. அவள் வாயால் அவள் சொன்னதில்லை.

"சுவாமி சாயா சூடா மெனிங்கால்," என்றாள். என் கணவர் இறந்துவிட்டார். அந்தச் சொல்லுக்கு வழக்கமாக வருகிற சிரிப்பு இன்று வரவில்லை.

கக் நோரா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, வேலிக்கு மேலாகவே கையை நீட்டி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "பிலா?" என்று கேட்டாள். எப்போது?

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது என்று சொல்லத்தான் லோகேஸ்வரி வாயைத் திறந்தாள்.

"ஹாரி இனி," என்றாள். இன்றைக்கு. பிறகுதான் அழுதாள்.