கூப்பிட்ட பக்கம்

தொண்டைமானாற்றில் ஒரு முன்பள்ளிக்கு நான் பயிற்சி ஆசிரியையாகப் போன முதல் வாரமே அந்தப் பிள்ளை என் கையைக் கடித்துவிட்டாள். பின்னால் போய் அவளுடைய தோளைத் தொட்டேன், அவ்வளவுதான். பல் பதிந்த இடத்தை நான் கழுவிக்கொண்டிருக்க, பெரிய ரீச்சர் சொன்னார்: “உவள் உப்பிடித்தான். கிட்டப் போகேக்கை கவனம்.”

நாலு வயதுப் பிள்ளை. தகப்பன் கடற்றொழில். கடிபட்ட பிள்ளைகளின் தாய்மார் ஒருநாள் சேர்ந்து வந்தார்கள். “உந்தப் பிள்ளையை நிப்பாட்டுங்கோ ரீச்சர். இல்லாட்டி நாங்கள் எங்கடையளை அனுப்பமாட்டம்.” மாத முடிவுவரை பொறுக்கும்படி பெரிய ரீச்சர் கேட்டுக்கொண்டார்.

பயிற்சிக்காக ஒரு பிள்ளையின் நடத்தையைத் தொடர்ந்து அவதானிக்க வேண்டியிருந்தது. நான் அவளையே தெரிந்தெடுத்தேன். ‘பிடிவாதம்’, ‘குழப்படி’ என்றெல்லாம் எழுதக்கூடாது, கண்டதை மட்டும் எழுத வேண்டும் என்பது விதி. அந்தச் சொற்களைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்ப்பது எனக்கு முதலில் கடினமாகவே இருந்தது. பிறகு சில விடயங்கள் தெரியத் தொடங்கின. அவள் கோபத்தில் கடிப்பதில்லை; திடுக்கிட்டுத்தான் கடித்தாள். முன்னால் வருகிறவர்களை அவள் கடித்ததே இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திரும்புவாள், ஆனால் கூப்பிட்டவர் இல்லாத பக்கம் திரும்பி, அங்கே யாரையோ தேடுவாள். அதைப் பகிடி, வேண்டுமென்றே செய்யும் விளையாட்டு என்று எல்லோரும் நினைத்திருந்தோம்.

ஒருநாள் விளையாட்டு ரெலிபோனை இன்னொரு பிள்ளை அவளுடைய வலக் காதில் வைத்து, “கதை” என்றது. அவள் அதை வாங்கி இடக் காதுக்கு மாற்றிக்கொண்டு, “ஓம், சொல்லுங்கோ” என்றாள். நான் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் அவளுடைய தாயிடம் சொன்னேன். “அக்கா, இவவுக்கு வலக் காது கேக்கேல்லைப் போலை கிடக்கு.”

“காது கேக்காதோ? பாட்டெல்லாம் படிக்கிறாளே ரீச்சர். நான் கூப்பிட்டால்தான் வேணுமெண்டு மற்றப் பக்கம் பாக்கிறாள்.”

ஆனாலும் மறுவாரம் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். வலக் காதில் கேட்கும் சக்தி கிட்டத்தட்ட இல்லை, முன்பு கன்னம் வீங்கி வந்த கூகைக்கட்டு காரணமாக இருக்கலாம், இனித் திரும்பாது என்றார் டொக்டர். இடக் காது நன்றாக இருந்தது. ஒரு காது மட்டும் கேட்டால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிடிபடாது என்பதையும் அவர்தான் விளக்கினார். வெளியே வந்ததும் தாய் சுவரோரம் கிடந்த மர வாங்கில் அமர்ந்துவிட்டார். “எத்தினை அடி அடிச்சிருப்பன்…” என்றார். பிள்ளையோ அவருடைய மடியில் ஏறி பிஸ்கட் பெட்டியைத் திறக்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

வலப்பக்கம் சுவர் வரும்படி அவளை இருத்தினோம். பேசுவதற்கு முதல் அவளுக்கு முன்னால் வந்து நிற்க மற்றப் பிள்ளைகளையும் பழக்கினோம். கடி மெல்ல மெல்லக் குறைந்து, ஒருநாள் நின்றுவிட்டது. பிள்ளையை நிறுத்தச் சொல்லி வந்த தாய்மாரில் ஒருவர் தன் மகளின் பிறந்தநாளுக்கு அவளையும் அழைத்தார்.

பல வருடங்களுக்குப் பிறகு, போன மாதம் நெல்லியடிச் சந்தைக்கு அருகே தாயையும் மகளையும் கண்டேன். பிள்ளை தாயின் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். நான் கூப்பிடவில்லை, சற்றுத் தூரம் பின்னால் நடந்தேன். வாகனம் இரையும்போது தாய் மகளின் வலப்பக்கம் போய் நிற்கிறார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இடப்பக்கம் வருகிறார். அந்த வீதி முழுக்க அப்படியே மாறி மாறி நடந்தார். தான் அப்படி நடப்பது அவருக்குத் தெரிந்ததாகவே தெரியவில்லை.