கடல் கேபிளுக்காக உட்கார்ந்தவர்

செங்கோட்டையனின் உத்தியோகம் உட்காருவது. சிரிக்காதீர்கள், திருப்பூரில் அதற்குச் சம்பளம் உண்டு. சாயப்பட்டறைக்குப் போன துணி சொன்ன நேரத்துக்கு வராவிட்டால், பனியன் கம்பெனி முதலாளி பிரபாகர் இவரை அனுப்புவார். இவர் பட்டறை ஆபீஸில் ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துவிடுவார். திட்ட மாட்டார், கெஞ்ச மாட்டார். அவர்கள் தரும் டீயைக் குடித்துக்கொண்டு அவர்கள் முகத்தையே பார்ப்பார். பார்வை தாங்காமல் துணி வெளியே வந்துவிடும். மனுஷன் வெறுங்கையோடு திரும்பியதே இல்லை.

இந்த வருஷம் பிரபாகர் பட்டறைகளில் எல்லாம் கேமரா மாட்டினார். இனி ஆள் அனுப்ப வேண்டாம், இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்றார். செங்கோட்டையனுக்கு வேலை போய்விடும்போல் இருந்தது. இந்த வயசில் வேறு எங்கே போய் உட்காருவது? நல்லவேளையாக, கேமரா ஓடத் தொடங்கிய வாரமே எங்கோ கடலுக்கடியில் கேபிள் அறுந்து படம் நின்றுபோனது. கூப்பிடு தூரத்திலுள்ள பட்டறையின் படம், கேமரா கம்பெனியின் சர்வர் இருக்கும் ஐரோப்பா போய்விட்டுத்தான் திருப்பூர் வருமாம். நல்ல கூத்து.

பிரபாகர் கொதித்தார். "இன்டர்நெட் கம்பெனிக்காரங்க தடையே வராதுன்னு கேரண்டி எழுதிக் குடுத்தாங்கண்ணா. நீங்க போய் உக்காந்து லைனை வாங்கிட்டு வாங்க."

தன் பிழைப்பில் மண் அள்ளிப் போடும் லைனைத் தானே போய் வாங்கிவர வேண்டும். அந்த ஆளுக்கு மறுக்கத் தெரியாது. போனார்.

அவிநாசி ரோட்டு இன்டர்நெட் கம்பெனியில் அனுப்பிரியா என்ற பெண் பொறுமையாக விளக்கினாள். "கேரண்டி எங்க ஆபீஸ்ல இருந்து உங்க கம்பெனி வரைக்குந்தானுங்கண்ணா. கடலுக்கு இல்லீங்க. ரெண்டு கடல் வழியா வர்ற லைனுக்கு வாடகை மூணு பங்குங்க. உங்க மொதலாளி ஒரு கடல்தான் வாங்கியிருக்காரு."

"பரவால்லீங்க கண்ணு. ரெடியாகட்டும், இருந்து வாங்கிட்டே போறனுங்க."

அரைமனதாக உட்காரலாம் என்றுதான் நினைத்தார். பழகிய உடம்பு கேட்கவில்லை. தினமும் முதல் ஆளாக வந்து அனுப்பிரியாவின் முகத்தையே பார்த்தார். அவள் சென்னையை நச்சரித்தாள், சென்னை மும்பையை நச்சரித்தது. ரிப்பேர் கப்பல் வரைக்கும் இவர் பெயர் போய்விட்டதாக ஆபீஸில் பேச்சு. ஒருநாள் மத்தியானம் கேபிளை ஒட்டிவிட்டார்கள்.

பிரபாகர் போனில் குதித்தார். "கலக்கிட்டீங்கண்ணா! படம் பளிச்சுன்னு தெரியுது. நாளையில இருந்து நீங்க அலைய வேண்டாங்க, ஊட்லயே இருங்க."

அனுப்பிரியா லட்டு நீட்டினாள். அவர் எழுந்திருக்கவில்லை.

"லைன் வந்துருச்சுங்களேண்ணா, இன்னும் எதுக்கு உக்காந்திருக்கீங்க?"

செங்கோட்டையன் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "அதை மறுபடி அறுக்கோணும்னா எந்த ஆபீஸ்ல கண்ணு போய் உக்காரோணும்?"